ஏழு பாகம்

துணி காயப்போடக் கயிறு வாங்கத்தான் போனேன், சார். மழைக்காலத்துக்கு மாடியில் இன்னொரு கொடி கட்ட வேண்டும் என்று மருமகள் நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். முத்தையாபுரத்திலேயே கயிறு கிடைக்கும். ஆனால் எனக்கு வீட்டைவிட்டு வெளியே போக ஒரு சாக்கு வேண்டியிருந்தது. பஸ் ஏறி டவுனுக்கு வந்து, துறைமுகத்துக்குப் போகும் பழைய சாலையில் இருக்கிற கப்பல் சாமான் கடைக்குள் நுழைந்தேன்.

கடை முழுக்க நைலான்தான். நீலம், பச்சை, ஆரஞ்சு என்று பண்டிகைத் துணிக்கடை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே தரையில் மட்டும் ஒரே ஒரு சுருள் மணிலாக் கயிறு கிடந்தது. யாரோ ஹோட்டல்காரர் சுவரில் அலங்காரமாக மாட்டுவதற்குக் கேட்டிருக்கிறாராம். காய்ந்த வைக்கோலும் தாரும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் என் கால் அங்கேயே நின்றுவிட்டது.

"எத்தன பாகம் வேணும் அண்ணாச்சி?" என்றார் கடைக்காரர். கேட்டபடியே இரண்டு கைகளையும் பக்கவாட்டில் முழுக்க விரித்து, இந்தக் கை விரல் நுனியிலிருந்து அந்தக் கை விரல் நுனிவரை கயிற்றை இழுத்துப் பிடித்தார். அதுதான் ஒரு பாகம்.

"ஏழு," என்றேன். மாடிக்கு மூன்று போதும்.

போன மாதம் உங்கள் மகள் எழுதியிருந்தாள். அப்பா இறந்து நாற்பது நாள் ஆகிறது என்றும், ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நீங்களும் நானும் வாழ்த்து அட்டை அனுப்பிக்கொண்டதால் என் முகவரி கிடைத்தது என்றும் எழுதியிருந்தாள். கடைசியில் ஒரு கேள்வி. "அப்பா தூத்துக்குடியில் என்ன தவறு செய்தார்? ஏன் பாதியிலேயே திருப்பி அனுப்பினார்கள்? அம்மா கேட்கும்போதெல்லாம், எனக்குத் தமிழ் தெரியாது என்று சொல்லிச் சிரித்துவிடுவார். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசியதில்லை."

நான் உடனே பதில் போட்டேன், சார். அழகான ஆங்கிலத்தில் ஒரு பக்கம். உங்கள் தந்தை உத்தமர், கடற்கரை மக்கள் அவரை மறக்கமாட்டார்கள், இப்படி. அவள் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்ட நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. ஆங்கிலத்தில் எழுத முடியாததை முதலில் உங்களிடம் தமிழில் சொல்லிப் பார்க்கிறேன். உங்களுக்குத் தமிழ் தெரியாது என்பது இப்போது ஒரு குறையே இல்லை.

எழுபதுகளின் நடுவில் நீங்கள் இங்கே வந்து இறங்கியபோது எனக்கு இருபத்து மூன்று வயது. கடலிலிருந்து தள்ளி இருக்கிற நாசரேத்தில் வளர்ந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, பி.ஏ. முடித்தவன். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தெரியும் என்பதைவிட, தெரியும் என்ற நினைப்பு அதிகம். உங்களை அனுப்பிய பன்னாட்டு அமைப்பு துறைமுகத்தின் பக்கத்தில் இரண்டு அறை எடுத்து ஒரு திட்ட அலுவலகம் வைத்திருந்தது. அதில் நான் டைப்பிஸ்ட், குமாஸ்தா, உங்கள் மொழிபெயர்ப்பாளன், எல்லாம். நீங்கள் மீன்பிடி ஆலோசகர். வலை கட்டவும் எஞ்சின் பொருத்தவும் கற்றுக்கொடுக்க வந்தவர்.

பிலிப்பைன்ஸிலிருந்து வந்திருக்கிறார் என்றால் கடற்கரையில் யாருக்கும் விளங்கவில்லை. மணிலா என்றதும் விளங்கிவிட்டது. "கயிறு வாற ஊரா!" என்று உங்களுக்கு மணிலாக் கயிறு என்றே பெயர் வைத்தார்கள். ஆளும் அப்படித்தான் இருந்தீர்கள், குட்டையாக, முறுக்காக. மேசையைக் காட்டி இதற்குத் தமிழில் என்ன என்று கேட்டீர்கள். "மேசை" என்றேன். உங்கள் ஊரிலும் அது மேசைதான் என்று சொல்லிக் குதித்தீர்கள். காலில் போடுகிற சப்பாத்தும் அப்படியே. போர்த்துகீசியர் எங்களுக்கும் ஸ்பெயின்காரர் உங்களுக்கும் ஒரே சாமான்களை விட்டுப் போயிருந்தார்கள். கத்தோலிக்க ஊர்களில் நீங்கள் கோவிலுக்குள் போய் முழந்தாள் போட்டுச் சிலுவை வரைந்தால், அடுத்த தெருவிலிருந்து மீன்குழம்பு வந்துவிடும். வேதக்காரனாகிய, அதாவது புராட்டஸ்டண்டாகிய நான் வெளியே செருப்பைக் காத்துக்கொண்டு நிற்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் இருந்தது. இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அப்போது இந்தக் கரை இரண்டாகப் பிளந்து கிடந்தது. டவுன் பக்கத்தில் லாஞ்சிகள். இயந்திரம் வைத்த பெரிய படகுகள், அடியோடு வாரிக்கொண்டு போகிற மடிவலை. வடக்கே ஊர்களில் பாய் கட்டிய வள்ளங்கள். வள்ளக்காரர் விரித்துவிட்டுக் காத்திருக்கிற வலையின் மேலேயே லாஞ்சி ஏறிப் போகும். வலை அறுந்து போகும். வலை போனால் வள்ளக்காரனுக்குக் கடலே போனமாதிரி. இரண்டு பக்கமும் உட்கார்ந்து டீ குடித்த ஆள் அந்தக் கரையில் நீங்கள் ஒருவர்தான்.

ஒரு நாள் காலையில் வந்த செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். தருவைகுளத்துக்கும் அப்பால் இருந்த ஒரு ஊர். பெயரை எழுதவில்லை, அன்றைய ஆட்களின் பிள்ளைகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். மூன்றாவது முறையாக வலை அறுந்ததும், வள்ளங்கள் எல்லாம் சேர்ந்து அந்த லாஞ்சியை மடக்கி, அதிலிருந்த நாலு பேரோடு கரைக்கு இழுத்து வந்துவிட்டன. ஊர்ப் பங்குச்சாமியார் உங்களுக்குச் சீட்டு அனுப்பியிருந்தார். போலீஸ் வருவதற்குமுன் யாராவது பேச வந்தால் நல்லது என்று.

ஜீப்பில் போகும்போது, "இது நம் வேலை இல்லையே சார்," என்றேன்.

"வேலைப் பட்டியலில் இல்லைதான்," என்றீர்கள். "ஆனால் அடித்துக்கொண்டு சாகிற கரையில் நான் யாருக்கு வலை கட்டக் கற்றுக்கொடுப்பது?"

லாஞ்சி மணலில் சாய்ந்து கிடந்தது. அதன் பக்கத்தில் ஒரு மண்ணெண்ணெய் டின்னை வைத்துக்கொண்டு பிலோமினா என்கிற பெண் உட்கார்ந்திருந்தாள். மூன்று முறையும் அறுந்தது அவள் வீட்டு வலை. பிடிபட்ட நாலு பேரையும் கோவிலுக்குப் பின்னால் ஊர்க் கயிறும் வலையும் போட்டுவைக்கிற அறையில் அடைத்திருந்தார்கள். முதலில் அவர்களைப் பார்க்க வேண்டும் என்றீர்கள். உள்ளே போனோம். ஒருவனுக்கு நெற்றியில் காயம். நீங்கள் உங்கள் கைக்குட்டையை நனைத்துத் துடைத்துக்கொண்டிருந்தபோது கதவு பின்னால் சாத்தப்பட்டது. பூட்டு விழும் சத்தம் கேட்டது.

ஊர்ப் பெரியவர் சந்தியாகு அண்ணாச்சி ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். ஆறடி உயரம். "நீங்களும் உள்ளயே இரிங்க. வெளிய உட்டா நேரே போலீஸக் கூட்டிட்டு வருவீய."

ஆறு பேருக்கு அந்த அறை காணாது. ஓட்டுக்கூரை அடுப்பாகக் கொதித்தது. சுவர் முழுக்க மணிலாக் கயிற்றுச் சுருள்கள். ஒரு ஜன்னல், அதில் ஐந்து கம்பி, ஒரு பானைத் தண்ணீர். நான் கதவைத் தட்டினேன், கத்தினேன், அலுவலகத்தின் பெயரைச் சொல்லி மிரட்டினேன். நீங்கள் ஒரு கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்துகொண்டு, "அவரிடம் கேள். என்ன வேண்டும் என்று கேள். அவர் சொல்வதை அப்படியே சொல்," என்றீர்கள்.

கேட்டேன். சந்தியாகு அண்ணாச்சி கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"ஒண்ணுதாம்லே. ஏழு பாகம். ஏழு பாகம் அவனுக்கு வேண்டாம், அது எங்களுக்கு. மத்தது எல்லாம் அவனே வச்சிக்கிடட்டும். இத எழுதிக் கைநாட்டு வச்சா ஆளையும் லாஞ்சியையும் உட்டுருவோம்."

பாகம். பள்ளிக்கூடத்தில் நான் படித்த தமிழில் பாகம் என்றால் பகுதி, பங்கு. முதல் பாகம், இரண்டாம் பாகம் என்று புத்தகத்தில் போட்டிருப்பார்களே, அது. நான் உங்களிடம் திரும்பி, ஏழு பங்கு கேட்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

"ஏழு பங்கா? எதில்? எத்தனையில் ஏழு?"

"பிடிக்கிற மீனில். பத்தில் ஏழு."

அந்தப் பத்தை எனக்கு யாரும் சொல்லவில்லை, சார். நானே போட்டேன். தெரியவில்லை என்று சொல்வதற்கு வாய் வரவில்லை. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நாசரேத்துக்காரன் தமிழ் தெரியாமல் ஒரு வள்ளக்காரரிடம் போய், அப்படி என்றால் என்ன என்று கேட்பானா?

நீங்கள் நெற்றியைச் சுருக்கினீர்கள். ஆனாலும் கடிதம் எழுதச் சொன்னீர்கள். லாஞ்சிக்காரர்களின் தலைவர் ரத்தினம் அண்ணாச்சிக்கு என் முத்து முத்தான கையெழுத்தில், "பிடிபடும் மீனில் பத்துக்கு ஏழு பங்கை ஊருக்குத் தர வேண்டும் என்பது இவர்கள் கோரிக்கை" என்று எழுதி, மடித்து ஒட்டி, ஜன்னல் வழியாகச் சாமியாரிடம் கொடுத்தேன். அவர் அதைப் பிரித்துப் பார்க்காமல் மோட்டார் சைக்கிளில் டவுனுக்குக் கொண்டுபோனார். நல்ல மனிதர். அன்று அவர் கொஞ்சம் கெட்ட மனிதராக இருந்து பிரித்துப் பார்த்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும்.

பொழுது சாய்வதற்குமுன் ஒட்டிய உறையில் பதில் வந்தது. "எங்கள் உழைப்பில் பத்துக்கு ஏழு கேட்பவனோடு பேச்சு இல்லை. நாளைக் காலையில் எல்லா லாஞ்சியும் வரும். ஆட்களை நாங்களே மீட்டுக்கொள்வோம்." அதை நான் உங்களுக்கு ஆங்கிலத்தில் வாசித்தேன். வெளியே சாமியார், டவுனில் தன் காதில் விழுந்ததை, லாஞ்சிகள் வரப்போகின்றன என்பதை மட்டும், ஊருக்குச் சொல்லிவிட்டார். கல் குவிக்கிற சத்தமும், வெட்டுக்கத்தி தீட்டுகிற சத்தமும் கேட்டது.

"எனக்கு இது சரியாகப் படவில்லை," என்றீர்கள். "மீனில் பங்கு கேட்கிறவன் லாஞ்சியைக் கொளுத்தமாட்டான். இன்னொரு முறை கேட்டு வா."

ஜன்னலுக்குப் போனேன். சந்தியாகு அண்ணாச்சி என்னைப் பார்த்ததும், "ஏலே நாசரேத்து, அவன் வாரான்னு சொல்லுதான், நீ இன்னும் என்னத்தலே கேக்க வந்துருக்க? நாங்க சொன்னத ஒழுங்காச் சொன்னியா, இல்லியா?" என்று கர்ஜித்தார்.

"சொன்னேன் அண்ணாச்சி," என்றேன். கேட்க வந்ததைக் கேட்கவில்லை. திரும்பி வந்து உங்களிடம், "அதைத்தான் சொல்கிறார்கள் சார்," என்றேன்.

முதலாவது அறியாமை. இரண்டாவது பொய். இத்தனை வருஷமும் முதலாவதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன்.

பிலோமினா கம்பிக்குள்ளே ஒவ்வொரு போணியாக நீட்டி எங்கள் ஆறு பேருக்கும் கஞ்சி கொடுத்தாள். கூடவே சுட்ட கருவாடு. "தின்னுங்க," என்றாள். "நாளைக்கு லாஞ்சி கண்ணுல பட்டா மொதல்ல இந்த அறையத்தான் கொளுத்துவோம். பசியோட சாவ வேண்டாம்." நான் அதை மொழிபெயர்த்தேன். நீங்கள் போணியைத் தலைக்குமேல் தூக்கி அவளுக்கு நன்றி சொல்லிவிட்டுக் குடித்தீர்கள். நான் என் போணியைப் பக்கத்து ஆளிடம் தள்ளிவிட்டேன்.

விடிந்தது. வெயில் ஜன்னலில் ஏறியது. லாஞ்சி ஆட்களில் மூத்தவர் மிக்கேல். அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. மூலையில் கிடந்த ஒரு சிக்குப்பட்ட கயிற்றை எடுத்துப் பிரித்து, கைகளை விரித்து விரித்து அளந்து சுருட்டத் தொடங்கினார். வாய்க்குள் ஏதோ எண்ணிக்கொண்டிருந்தார். அவரையே பார்த்துக்கொண்டிருந்த நீங்கள் திடீரென்று எழுந்தீர்கள்.

"டிபா!" என்றீர்கள். நீங்களும் கைகளை விரித்துக் காட்டினீர்கள். "எங்கள் ஊரில் டிபா. என் அப்பா கடலின் ஆழத்தை இப்படித்தான் அளப்பார். இவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?"

மிக்கேலுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. சிரித்துக்கொண்டே, "பாகம், தொர. பாகம்," என்றார். "ஒரு பாகம். ரெண்டு பாகம். ஏழு பாகத் தண்ணின்னா இத மாதிரி ஏழு."

ஏழு பாகத் தண்ணீர். ஆழம். கரையிலிருந்து ஏழு பாக ஆழம் வருகிறவரைக்கும் உள்ள கடலில் லாஞ்சி வரக்கூடாது, அதற்கு வெளியே எல்லாம் அவர்களுக்கு. இவ்வளவுதான் கேட்டிருந்தார்கள். அந்த அறையில் இருந்த நாலு பேருக்கும் அது முதலிலேயே விளங்கியிருக்கிறது. மணிலாக்காரருக்குக் கையை விரித்த மாத்திரத்தில் விளங்கிவிட்டது. விளங்காதவன் நான் ஒருவன்தான். மொழி தெரியும் என்று சம்பளம் வாங்கியவன்.

என் முகத்தைப் பார்த்தீர்கள். "என்ன?" என்றீர்கள்.

சொன்னேன். பங்கைச் சொன்னேன், நானே போட்ட பத்தைச் சொன்னேன், ஜன்னலில் கேட்காமல் திரும்பி வந்ததையும் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன் என்று நினைக்கிறேன். நீங்கள் அடிப்பீர்கள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருக்கலாம். நீங்கள் அந்தக் கயிற்றை மிக்கேல் கையிலிருந்து வாங்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனீர்கள்.

சந்தியாகு அண்ணாச்சியைக் கூப்பிட்டு, ஒரு கையைக் கம்பி வழியாக வெளியே நீட்டினீர்கள். மற்றொரு கை உள்ளே. விரிக்க முடியவில்லை. கம்பி இடித்தது. மறுபடி முயன்றீர்கள். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. கதவைக் காட்டினீர்கள், கைகளைக் காட்டினீர்கள், "பாகம், பாகம்," என்றீர்கள். அண்ணாச்சி அந்தக் கையைப் பார்த்தார். பிறகு சாவியை எடுத்தார். ஒரு மனிதன் கையை விரிக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் கதவு திறந்தது.

வாசலில் நின்று கைகளை முழுக்க விரித்துக் காட்டிவிட்டு, என்னைப் பக்கத்தில் அழைத்தீர்கள். "இப்போது நான் சொல்வதை அப்படியே சொல். கூட்டாதே, குறைக்காதே. எங்கள் ஊரில் பாகம் என்றால் பங்கு. நான் தப்பாகப் புரிந்துகொண்டு தப்பாக எழுதச் சொல்லிவிட்டேன். இந்தப் பையன் சரியாகத்தான் சொன்னான். தப்பு என்னுடையது."

நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். "சொல்," என்றீர்கள்.

சொன்னேன், சார். ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். அன்று நான் செய்த பிழையில்லாத ஒரே மொழிபெயர்ப்பு அதுதான்.

சந்தியாகு அண்ணாச்சி முதலில் நம்பவில்லை. பிறகு தலையில் அடித்துக்கொண்டார். "பங்கா? எவன்யா பங்கு கேட்டான்? எங்க வலைக்கு மேல ஓட்டாதன்னுதானவே கேட்டோம்!" அதற்குள் தெற்கே லாஞ்சிகளின் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. வரிசையாக வந்துகொண்டிருந்தன. பிலோமினா டின்னின் மூடியைத் திருகினாள்.

ஒரு வள்ளம் தள்ளினார்கள். நீங்கள், சந்தியாகு அண்ணாச்சி, மிக்கேல். நானும் ஏறப்போனேன். "இவரு இங்கன இருக்கட்டும்," என்று யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். கூட்டிப் போக வேண்டும் என்று சொல்லவில்லை. நான் உங்களுக்குத் தேவைப்படவில்லை. என்னையும் மற்ற மூன்று பேரையும் மறுபடி அதே அறையில் அடைத்துப் பூட்டினார்கள்.

அந்த இரண்டு மணி நேரம்தான் என் ஆயுளிலேயே நீளமானது. ஐந்து கம்பிக்கு நடுவில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு சின்ன வள்ளம் அத்தனை லாஞ்சிகளுக்கு நேரே போனது. எந்த நேரமும் மோதிவிடும் என்று தோன்றியது. உங்களுக்கு ஏதாவது ஆனால் அதற்குக் காரணம் என் கையெழுத்து என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு லாஞ்சி நின்றது. அடுத்தது நின்றது. சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது.

அங்கே நடந்ததை மிக்கேல் பின்னால் எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஏழு பாகம் என்றதும் ரத்தினம் அண்ணாச்சியின் கோபம் பாதி இறங்கிவிட்டதாம். ஆனால் உடனே அடுத்த சண்டை. "ஏழு பாகம்னா ஆரு கைக்கு? இந்தப் பனமரத்துக் கைக்கு ஏழுன்னா நாங்க இலங்கைக்குப் போயில்லா வலை போடணும்!" என்று சந்தியாகு அண்ணாச்சியைக் காட்டிக் கத்தியிருக்கிறார். "ஒன் குட்டக் கைக்கு அளந்தா எங்க வாசலுக்கே வந்துருவியேவே," என்று இவர் பதிலுக்கு. கை ஓங்குகிற நேரத்தில் நீங்கள் வள்ளத்தின் நடுவில் எழுந்து நின்று இரண்டு கைகளையும் விரித்திருக்கிறீர்கள்.

இரு பக்கமும் உங்களைப் பார்த்தது. அந்தக் கை யாருக்கும் சொந்தம் இல்லை, யாருக்கும் பகை இல்லை. "மணிலாக் கை," என்று மிக்கேல்தான் முதலில் சொன்னாராம். ரத்தினம் அண்ணாச்சி தலையாட்டினார். சந்தியாகு அண்ணாச்சி, "கை சின்னதாத்தான் இருக்கு. போட்டும், மனுசன் நல்ல மனுசன்," என்றாராம். உங்கள் கையாலேயே கயிற்றை அளந்து, பாகத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் ஈயக்குண்டு கட்டி, அங்கேயே ஆழம் பார்த்தார்கள். ஏழாவது முடிச்சு நனைகிற இடம் எல்லை. அப்படி மூன்று கயிறு. ஊருக்கு ஒன்று, லாஞ்சிக்காரருக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று. மத்தியானத்துக்குள் லாஞ்சியைத் தண்ணீரில் தள்ளிவிட வள்ளக்காரர்களே தோள்கொடுத்தார்கள். பிலோமினா டின்னை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

அந்த எல்லை சாசுவதமாக நின்றது என்று சொல்லமாட்டேன். பிற்பாடு சட்டங்கள் வந்தன, வேறு சண்டைகள் வந்தன. ஆனால் அன்று செத்திருக்க வேண்டியவர்கள் யாரும் சாகவில்லை. அதன்பிறகு வந்த வருஷங்களிலும், "மணிலாக் கைக்கு உள்ளயா வெளியயா?" என்று கேட்டே பல தகராறுகள் தீர்ந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

பிறகு அறிக்கை. நீங்கள் சொல்லச் சொல்ல நான்தான் டைப் அடித்தேன், கார்பன் வைத்து நாலு பிரதி. "உள்ளூர்ச் சொல் ஒன்றை ஆலோசகர் தவறாகப் புரிந்துகொண்டதால் நிலைமை மோசமானது. மொழிபெயர்ப்பாளரிடம் குறை இல்லை." அந்த வரியில் என் விரல் நின்றது. "அடி," என்றீர்கள். அடித்தேன். மூன்று மாதத்தில் தலைமையகத்திலிருந்து பதில் வந்தது. அதிகாரத்துக்கு மீறிய செயல், கவனக்குறைவு, ஒப்பந்தம் பாதியிலேயே முடிக்கப்படுகிறது. நான் அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். வீட்டில் இரண்டு தங்கைகள், எனக்கு அது முதல் வேலை என்று காரணம் சொல்லிக்கொண்டேன். எல்லாம் உண்மைதான். ஆனாலும் வாயைத் திறந்திருக்கலாம்.

ரயில் நிலையத்தில் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தபோது, "ஏன் சார் அப்படிச் சொன்னீர்கள்?" என்று கேட்டேன். நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "நீ தப்புச் செய்தாய் என்றால் இந்தக் கரையில் யாரும் உன்னை மறுபடி நம்பமாட்டார்கள். நீ இங்கேயே வாழ வேண்டியவன். நான் வெளியூர்க்காரன். தப்பைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறிவிடலாம். எங்களை அனுப்புவதே பாதி அதற்குத்தானே?"

ரயில் போனது. நீங்கள் தூக்கிக்கொண்டு போனது எடையில்லாதது என்று நினைத்தேன். அது இல்லை என்று உங்கள் மகளின் கடிதம் சொல்கிறது. உங்கள் மனைவி அந்தச் சந்தேகத்தோடேயே வாழ்ந்திருக்கிறார். நானோ இங்கே பதவி உயர்வு பெற்று, கௌரவமாக ஓய்வு பெற்று, மொழிபெயர்ப்பில் புலி என்று பெயரும் எடுத்தேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸ் அட்டையிலும், "ஏழு எப்படி இருக்கிறது?" என்று ஒரே வரி எழுதுவீர்கள். "நலம்," என்று எழுதுவேன். அந்த அறையின் கதவு உங்களுக்குத் திறந்தது, சார். எனக்குத் திறக்கவில்லை. ஐந்து கம்பிக்குப் பின்னால்தான் இன்னும் நின்றுகொண்டிருக்கிறேன்.

அலுவலகத்தை மூடியபோது அந்த மூன்றாவது கயிற்றை நான் வீட்டுக்கு எடுத்து வந்தேன். கடையிலிருந்து திரும்பியதும், வாங்கிய கயிற்றை மூலையில் போட்டுவிட்டு, பீரோவின் அடியிலிருந்து அதை எடுத்தேன். மருமகள், "வாங்கிட்டு வந்த கயித்தக் கட்டாம, பழைய கயித்த எடுத்துட்டு உக்காந்திருக்கிய மாமா!" என்றாள். முடிச்சுக்கு முடிச்சு என் கையை விரித்துப் பார்த்தேன். தோள் வலிக்கிறது, பாதிக்குமேல் விரியவில்லை. ஆனாலும் முடிச்சுகள் அப்படியே இருக்கின்றன. ஒரு முடிச்சிலிருந்து அடுத்த முடிச்சுவரை நீங்கள் விரித்த கை.

உங்கள் மகளுக்கு இரண்டாவது கடிதம் எழுதிவிட்டேன். முதல் வரியே இதுதான்: தவறு உன் அப்பாவுடையது அல்ல, என்னுடையது. பத்து என்று நானே போட்டதையும், ஜன்னலில் கேட்காமல் திரும்பியதையும், அறிக்கையை என் விரலே அடித்ததையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன். கூடவே கயிற்றையும் அனுப்புகிறேன். ஒரு முடிச்சில் ஒரு கையும் அடுத்த முடிச்சில் மறு கையும் வைத்து விரித்துப் பார், உன் அப்பாவின் கை நீளம் அதுதான், இரண்டு ஊர் அதற்குக் கட்டுப்பட்டது என்று எழுதியிருக்கிறேன்.

முழுக் கயிற்றையும் அனுப்ப மனம் வரவில்லை, சார். ஆறு பாகம் அவளுக்கு. ஒரு பாகத்தை வெட்டி நான் வைத்துக்கொண்டேன். அன்று அந்தச் சொல்லை நான் பங்கு என்று தப்பாகச் சொன்னேன். இந்த ஒன்றுக்கு மட்டும் அப்படிச் சொன்னாலும் சரியாகத்தான் இருக்கிறது. இது என் பங்கு.